ஒன்பது கண்கள்

கசாப்புக்கூடத்தில் ஒன்பது மாட்டுக்கண்கள்தான் கிடைத்தன.
வகுப்பில் முப்பத்தாறு பேர்.
நாலு பேருக்கு ஒரு கண்ணென்று பிரித்தேன்,
வருகைப் பதிவேட்டு வரிசையில்,
வேறெதையும் யோசிக்காமல்.

யோசித்திருக்க வேண்டும்.
விடால், விவாங்கோ. அடுத்தடுத்த பெயர்கள்.
யாஸ்னா விடாலின் அப்பா காவல்துறையில் சார்ஜென்ட்.
எலியாஸார் விவாங்கோவின் அண்ணனுக்கு
அக்டோபர் ஊர்வலத்திலிருந்து இடது கண் இல்லை.
தால்கா நகரம் முழுக்கத் தெரிந்த சேதிகள்.
எனக்கு மட்டும்
கையுறை மாட்டிய பிறகுதான் உறைத்தன.

காலையில்தான் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்தேன்:
வகுப்பறையில் அரசியல் கூடாது, பாடம் மட்டுமே.
பாடத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை, தலைமையாசிரியர் அவர்களே.
மூன்றாம் அலகு, பக்கம் நாற்பத்தொன்று,
பார்வை உறுப்பு.

நோட்டு அட்டைகளிலெல்லாம் ஸ்டிக்கர்.
புதிய அரசியல் சட்டம் வேண்டும்.
வேண்டாம்.
ஏப்ரல் வாக்கெடுப்பில் இவர்கள் யாருக்கும் ஓட்டில்லை,
பதினைந்து வயது.
அதனால்தான் என் ஓட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்,
கடனாகக் கேட்பதுபோல.
என் வீட்டில் ஓர் அலுமினியச் சட்டி உண்டு.
பதினோரு இரவுகள் பால்கனியில் கரண்டியால் தட்டி
அடிப்பக்கம் நசுங்கியது.
இப்போது அடுப்பில் வைத்தால் ஆடுகிறது.
அதைப் பற்றி வகுப்பில் மூச்சு விட்டதில்லை.

மற்ற எட்டு மேசைகளிலும் கூச்சல், சிரிப்பு, ‘உவ்வே’.
கடைசி மேசையில் கத்தரிக்கோலை யாரும் தொடவில்லை.
பிறகு யாஸ்னா எடுத்தாள்.

‘பழக்கம்தானே, உங்கள் வீட்டில்’ என்றான் எலியாஸார்.

‘எங்கப்பா அன்றைக்கு ஊரிலேயே இல்லை.’

‘எல்லா அப்பாவும்
அன்றைக்கு ஊரில் இல்லை.’

எட்டு மேசைகளும் அடங்கின.
முப்பத்தாறு முகங்களும் என் பக்கம்.

பயிற்சிக் கல்லூரியில் சொல்லித் தந்தார்கள்:
இரு தரப்புக்கும் சம நேரம் கொடு,
நீ நடுவில் நில்.
எங்கே இருக்கிறது இந்த மேசைக்கு நடு?
குருட்டுப்புள்ளி என்றொரு சொல் நாக்குவரை வந்தது,
எல்லாரிடமும் ஒன்று உண்டு, பிள்ளைகளே, என்று
அழகாக ஆரம்பித்திருக்கலாம்.
வெட்கமாக இருந்தது. விழுங்கினேன்.

‘கார்னியாவை வெட்டும்போது
முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், தெறிக்கும்’
என்று மட்டும் சொன்னேன்.

தெறித்தது.
அவள் சட்டைக் கையில் கொஞ்சம், அவன் கட்டைவிரலில் கொஞ்சம்.
அவன் விரலைத் துடைக்காமல் கேட்டான்,
பரீட்சைக்குப் படிக்கிறவன் குரலில்:
‘இது வெளியே போனால் திரும்ப ஊறுமா, டீச்சர்?’

‘முன்கண்ரசம் ஊறும்.
பின்கண்ரசம், அந்தக் கூழ்,
ஊறாது.’

‘ஊறாது?’

‘ஊறாது.’

அன்று நான் வெளியிட்ட ஒரே கருத்து அதுதான்.

மேசையில் விரித்திருந்தது பழைய நவம்பர்ப் பத்திரிகை.
உருவி எடுத்த லென்ஸ் அதன்மேல் வழுக்கி
ஓரிடத்தில் நின்றது.
அடியில் இரண்டு எழுத்துகள் ஊதிப் பெருத்துத் தெரிந்தன:
நோ.

‘பார்,’ என்றான் எலியாஸார், ‘பத்திரிகையே சொல்கிறது.’
யாஸ்னா நகத்தால் லென்ஸை ஒரு தள்ளு தள்ளினாள்.
வியெம்ப்ரே.
தேதிதான்.
‘திரும்பக் கொண்டு வா’ என்றான்.
கொண்டு வந்தாள்.
இருவரும் குனிந்து பார்த்தார்கள்,
தலையும் தலையும் இடிக்கிற தூரம்;
இடித்துக்கொள்ளவில்லை.
மணி அடித்ததும் அவன் போய்விட்டான்.
தட்டைக் கழுவியது அவள்.

மறுநாள் ஒரே ஒரு புகார் வந்தது.
இரண்டாம் மேசைப் பையனின் அம்மா,
சட்டையில் நாற்றம் போகவில்லையாம்.

நோட்டுகளைத் திருத்த வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
யாஸ்னாவின் அட்டையில் ‘வேண்டாம்’ அப்படியே இருந்தது,
ஓரம்கூடப் பெயரவில்லை.
உள்ளே, பின்கண்ரசத்துக்கு நேரே,
‘திரும்ப ஊறாது.’
பேனாவை அழுத்தி அடிக்கோடிட்டதில்
அடுத்த பக்கமும் கிழிந்திருந்தது.

அடுப்பில் சட்டி ஆடிக்கொண்டிருந்தது.
சிவப்பு மையில் சரி போட்டேன்.
வேறென்ன போடுவது.